திரும்பி வந்த வழக்கில் சப் கோர்ட் முடிவை முன்சீப் மாற்றலாமா?

வாசகி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

என் அப்பாவுக்கு 74 வயது. எங்கள் நிலத்தின் வரப்பைப் பக்கத்து நிலக்காரர் தள்ளிப் போட்டுவிட்டார் என்று 2013-இல் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். கிரயப் பத்திரம் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடி ஆனது. அப்பீல் போனோம். 'பத்திரம் முறைப்படி நிரூபிக்கப்பட்டிருக்கிறது. கமிஷனர் நியமித்து, சர்வேயர் உதவியோடு அளந்து, எல்லையை மட்டும் முடிவு செய்து தீர்ப்பு சொல்ல வேண்டும்' என்று சப் கோர்ட் வழக்கைத் திருப்பி அனுப்பியது. எதிர்த்தரப்பு அதை எதிர்த்து எங்கும் போகவில்லை. நிலத்தைப் பார்த்து அளக்கக் கோர்ட் அனுப்பிய கமிஷனரின் அறிக்கை எங்களுக்குச் சாதகமாக வந்தது. ஆனால் புதிதாக வந்திருக்கும் முன்சீப், 'பத்திரம் குறித்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்ட முடிவு ஏற்புடையதாக இல்லை' என்று எழுதி, மறுபடியும் தள்ளுபடி செய்துவிட்டார். எங்கள் வக்கீல் காட்டிய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பையும், அது கூடுதல் நீதிபதிகள் கொண்ட பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். கீழ்க்கோர்ட் இப்படிச் செய்யலாமா? நீதிபதி மேல் ஹைகோர்ட்டுக்குப் புகார் எழுது, அவமதிப்பு வழக்குப் போடு என்கிறார் உறவினர் ஒருவர். தீர்ப்பு வந்து 12 நாள் ஆகிறது. 'மறுபடியும் முதலிலிருந்தா?' என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாற்ற முடியாது. நமக்குத் தெரியாத சட்டம் ஏதாவது இருக்குமோ என்ற தயக்கம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்படி எதுவும் இல்லை. சப் கோர்ட் முடிவு செய்து அனுப்பிய ஒரு விஷயத்தை முன்சீப் கோர்ட் திரும்பத் திறந்து 'ஏற்புடையதாக இல்லை' என்று எழுதியது தவறு. அதைத் திருத்த வழி இருக்கிறது. ஆனால் அதற்கு நாள் கெடுவும் இருக்கிறது.

அதனால் மேலே படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். தீர்ப்பு, அதன் முடிவை மட்டும் சொல்லும் தீர்ப்பாணை (டிக்ரி) இரண்டுக்கும் சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டாயிற்றா என்று வக்கீல் குமாஸ்தாவிடம் இன்றே கேளுங்கள். முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு மேல் அப்பீல் போக 30 நாள். நகல் மனு போட்ட பிறகு, நகல் தயாராக ஆகிற காலம் அந்த 30 நாளில் சேராது. மனுவே போடாமல் கழிந்த நாள் சேரும். உங்களுக்கு 12 நாள் கழிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக மனுப் போட்டு, அதற்கு எதிருரை வந்து, அதிலேயே ஒரு வருடம் போன குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது சட்டத்துக்கு வருவோம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 105-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. அதன் இரண்டாவது உட்பிரிவு சின்னது, பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். வழக்கைத் திருப்பி அனுப்பும் உத்தரவுக்கு மேல் அப்பீல் போக வழி இருந்தும் ஒருவர் போகவில்லை என்றால், அதற்குப் பிறகு அந்த உத்தரவு சரியில்லை என்று அவர் வாதாட முடியாது. உங்கள் எதிர்த்தரப்புக்கு ஹைகோர்ட் போகிற வழி திறந்தே இருந்தது. அவர்கள் போகவில்லை. அதோடு பத்திரம் பற்றிய பேச்சு அவர்கள் அளவில் முடிந்துவிட்டது. நாளைக்கு இரண்டாம் மேல்முறையீடு வரை போனாலும் இந்தப் பிரிவு அவர்களுக்குத் தடையாக நிற்கும். கட்சிக்காரரே எழுப்ப முடியாத கேள்வியை, திருப்பி அனுப்பப்பட்ட வழக்கைப் பெற்றுக்கொண்ட நீதிபதி தானாக எழுப்பியிருக்கிறார். தவறு அங்கேதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சப் கோர்ட் தீர்ப்பின் கடைசிப் பத்தியை எடுத்து வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். 'எல்லையை மட்டும் முடிவு செய்ய' என்று இருக்கிறதா, இல்லை 'எல்லா எழுவினாக்களையும் (கோர்ட் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளையும்) புதிதாக விசாரித்து' என்று இருக்கிறதா? இரண்டாவது மாதிரி இருந்தால் நான் இதுவரை சொன்னது அப்படியே பொருந்தாது. அப்போது முன்சீப்புக்கு முழுச் சுதந்திரம் உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் மாதிரிதான். அப்படியே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

இதே மாதிரி ஒரு விஷயம் 1960-இலேயே சுப்ரீம் கோர்ட் வரை போயிருக்கிறது, போபால் சுகர் இண்டஸ்ட்ரீஸ் வழக்கு. அந்தக் கம்பெனி தன் சொந்தப் பண்ணையில் விளைந்த கரும்பைத் தன் ஆலைக்கே பயன்படுத்தியது. அந்தக் கரும்பின் சந்தை விலை என்ன என்று கண்டுபிடித்துக் கணக்குப் போடுங்கள் என்று வருமான வரித் தீர்ப்பாயம் அதிகாரிக்கு உத்தரவிட்டது. அதிகாரி செய்யவில்லை. தீர்ப்பாயம் சொன்னது தவறு என்பது அவர் எண்ணம். கம்பெனி ரிட் மனுவோடு, போபாலில் ஹைகோர்ட் இடத்தில் இருந்த நீதித்துறை ஆணையரிடம் போனது. அவர் என்ன சொன்னார் தெரியுமா? அதிகாரி செய்தது கடமை தவறியதுதான், ஆனால் தீர்ப்பாயத்தின் உத்தரவே சட்டப்படி தவறு, ஆகவே அநியாயம் ஒன்றும் நடக்கவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. மேலே உள்ள தீர்ப்பாயத்தின் உத்தரவு இறுதியாகிவிட்ட பிறகு, அது சரியா தவறா என்று பார்ப்பது கீழே உள்ளவரின் வேலை இல்லை. அதை நிறைவேற்ற மறுப்பது நீதி மறுப்பு. படிப்படியாக அமைந்த நீதிமன்றங்களின் மேல் நிற்கிற நம் நீதி நிர்வாகத்தின் அடிப்படையையே அது குலைக்கிறது என்று சொன்னது.

உங்கள் அப்பீலில் முதலில் வைக்க வேண்டிய தீர்ப்பு இதுதான். சப் கோர்ட் பத்திரத்தைப் பற்றிச் சொன்னது சரியா என்ற வாதத்துக்குள் உங்கள் வக்கீல் இறங்கவே வேண்டியதில்லை. இறங்கினால் முடிந்துபோன கேள்வியை நாமே திறந்துவிட்டது மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம். 'கீழ்க்கோர்ட்' என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம், நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தன் பதிவகத்துக்கே ஓர் உத்தரவு போட்டது: விசாரணை நீதிமன்றங்களைக் கீழ் நீதிமன்றம் என்று இனி குறிப்பிடாதீர்கள், அங்கிருந்து வருகிற ஆவணக் கட்டையும் விசாரணை நீதிமன்ற ஆவணம் என்றே சொல்லுங்கள் என்று. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சாட்சியின் முகத்தைப் பார்க்கிறது விசாரணை நீதிமன்றம்தான். கூண்டில் ஏறி நின்று நடுங்குகிறவர் யார், மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறவர் யார் என்று அங்கேதான் தெரியும். அதற்கு மேலே போகப் போக எல்லாம் காகிதம்தான்.

சுப்ரீம் கோர்ட்டுக்கும் ஹைகோர்ட்டுக்கும் உள்ள உறவு கூட எசமான், வேலையாள் உறவு இல்லை. தன் எல்லைக்குள் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் மேற்பார்வை செய்யும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 227-ஆவது பிரிவு ஹைகோர்ட்டுக்குத் தருகிறது. ஹைகோர்ட்டை மேற்பார்வை செய்ய அப்படி ஓர் அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்குத் தரப்படவில்லை. தந்திருப்பது 141-ஆவது பிரிவு: அது அறிவிக்கிற சட்டம் இந்தியாவில் உள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். கட்டுப்படுத்துவது சட்டம், ஆள் இல்லை. நீதித்துறை ஒழுங்கு என்று நாங்கள் சொல்வதை மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் கும்பிடு போடுவதாகப் பலர் புரிந்துகொள்கிறார்கள். அந்த ஒழுங்கு உங்கள் அப்பாவுக்காக ஏற்பட்டது. ஒரு கேள்விக்கு ஒருமுறை பதில் கிடைத்துவிட்டால், ஆள் மாறியதற்காக அது மாறக்கூடாது என்ற உத்தரவாதம் அது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னால் பொய். முன்சீப்பாக இருந்த காலத்தில் ஓர் உயில் வழக்கு. உயில் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு எழுதினேன். நன்றாக எழுதியதாகவே நினைத்தேன். ஒன்றரை வருடத்தில் அதே கட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தது. உயில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது, ஓர் அயிட்டம் சொத்து அந்த உயிலுக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்து முடிக்கவும் என்று சப் கோர்ட் உத்தரவு. கோபம் வந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, வயது அப்படி. என் தீர்ப்பில் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்த காரணங்களை அவர் இரண்டு பத்தியில் தள்ளியிருந்தார். அன்று மாலை எல்லாரும் போன பிறகு கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, அவர் சொன்னது ஏன் தவறு என்று பென்சிலில் குறிப்பு எழுத ஆரம்பித்தேன். பெஞ்ச் கிளார்க் விளக்கை அணைக்க வந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர். என்ன எழுதுகிறேன் என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: 'ஐயா, இது உங்க கேஸ் இல்லைங்க. வெளியில உக்காந்திருக்காங்களே, அவங்க கேஸ்.'

குறிப்பை அழித்தேன். அந்த அயிட்டத்தைப் பற்றி மட்டும் விசாரித்துத் தீர்ப்பு எழுதினேன். உயிலைப் பற்றி, 'மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவு இந்த நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்துகிறது' என்று ஒரு வரி. அவ்வளவுதான். பல வருடம் கழித்து, நானே சப் ஜட்ஜாக அப்பீல்கள் கேட்கத் தொடங்கிய பிறகு, என் பழைய நோட்டில் அந்தச் சாட்சியத்தின் பிரதி கிடைத்தது. அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் குறுக்கு விசாரணையில் ஒரு பதில்: 'பெரியவர் போட்ட பிறகுதான் நான் போட்டேன், இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.' உயில் எழுதியவர் கையெழுத்துப் போட்டதைத் தான் கண்ணால் பார்த்தேன் என்பதை அந்த மனிதர் தன் பேச்சில் சொல்லியிருக்கிறார். அவரை அழைத்த தரப்பு வக்கீல் செய்த முதல் விசாரணையில் அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பக்கம் எழுதிய நான், பக்கத்தின் அடியில் இருந்த அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். சப் ஜட்ஜ் தாண்டவில்லை.

மேலே இருப்பவர்தான் எப்போதும் சரி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களும் தவறுவார்கள், நானும் சப் ஜட்ஜாக இருந்தபோது தவறியிருக்கிறேன், ஹைகோர்ட் திருத்தியிருக்கிறது. தவறைத் திருத்துகிற இடம் எது என்பதுதான் கேள்வி. ஒரு முன்சீப்புக்கு மேல்முறையீட்டு முடிவில் உடன்பாடு இல்லை என்றால் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மிகவும் உறுத்தினால் ஐயத்தை மரியாதையாக இரண்டு வரி எழுதிவிட்டு, முடிவை அப்படியே பின்பற்றித் தீர்ப்பு சொல்லலாம். ஹைகோர்ட்டில் ஒரு தனி நீதிபதிக்கு இன்னொரு தனி நீதிபதியின் தீர்ப்பில் உடன்பாடு இல்லையென்றால், பெரிய அமர்வு அமைக்கும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்பலாம். இப்படிச் சொல்ல வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் பின்பற்றாமல் இருக்க வழி வைக்கவில்லை.

இனி உங்கள் வக்கீல் காட்டிய அந்தச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்ட தீர்ப்பு செல்லாது என்று வக்கீல்களே வராண்டாவில் பேசிக்கொள்வார்கள். தவறு. 2023 செப்டம்பர் 6-ஆம் தேதி லடாக் யூனியன் பிரதேசத்துக்கும் ஜம்மு காஷ்மீர் தேசிய மாநாட்டுக் கட்சிக்கும் நடந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது அந்தக் கட்சிக்குக் கலப்பை சின்னம் உண்டா என்ற தேர்தல் வழக்கு. அதில்தான் போகிறபோக்கில் இல்லாமல் நின்று சொன்னார்கள்: ஒரு தீர்ப்பு பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, சீராய்வு மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக அதைப் பின்பற்ற மறுக்கக்கூடாது, பெரிய அமர்வு மாற்றுகிறவரை இருக்கிற தீர்ப்புத்தான் சட்டம். ஒரே எண்ணிக்கை நீதிபதிகள் கொண்ட இரண்டு அமர்வுகள் முரண்பட்டுச் சொல்லியிருந்தால், முந்தையதைப் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். ஹைகோர்ட்டுகளுக்குச் சொன்னது அது. ஹைகோர்ட்டுக்கே இல்லாத சுதந்திரம் முன்சீப் கோர்ட்டுக்கு எங்கிருந்து வரும்?

ஆனால் வக்கீல் காட்டிய தீர்ப்பு உங்கள் வழக்குக்குப் பொருந்துகிறதா என்று அவரிடம் கேளுங்கள். ஒரு தீர்ப்பில் உள்ள எல்லா வாக்கியமும் கட்டுப்படுத்தாது. எந்தக் காரணத்தின் மேல் முடிவு நிற்கிறதோ அதுதான் கட்டுப்படுத்தும். உங்கள் விவகாரத்தின் விவரங்கள் வேறு என்றால் நீதிபதி அதைக் காரணத்தோடு எடுத்துக் காட்டி ஒதுக்கலாம், அது ஒழுங்கு மீறல் ஆகாது. வேறு மாநில ஹைகோர்ட் தீர்ப்பாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு, கட்டாயம் இல்லை.

இந்த ஒழுங்கு மேலேயே தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன், என்னை நிரம்ப வருத்திய விஷயம் என்பதால். 2013 ஏப்ரல் 2-ஆம் தேதி, ரேஷ்மா குமாரி என்ற வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு தந்தது. விபத்தில் இறந்தவர் சொந்தத் தொழில் செய்தவராக இருந்தால், இழப்பீட்டுக் கணக்கில் எதிர்கால வருமான உயர்வு என்று சாதாரணமாக எதுவும் சேர்க்க வேண்டியதில்லை என்ற பழைய தீர்ப்பை அது உறுதி செய்தது. பத்தே நாளில், ஏப்ரல் 12-ஆம் தேதி, ராஜேஷ் என்ற வழக்கில் இன்னொரு மூன்று நீதிபதிகள் அமர்வு, சொந்தத் தொழில்காரருக்கும் வயதைப் பொறுத்துச் சேர்க்க வேண்டும், 40 வயதுக்குக் கீழே என்றால் 50 சதவீதம் என்றது. பத்து நாளுக்கு முன் வந்த தீர்ப்பை அது கவனிக்கவில்லை.

இப்போது 30 வயதில் இறந்துபோன ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மனைவியை நினைத்துப் பாருங்கள். மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் முதல் தீர்ப்பை எடுத்துக்கொண்டால் கணக்கு 10,000-இல் தொடங்கும். பக்கத்துத் தீர்ப்பாயம் இரண்டாவதை எடுத்தால் 15,000-இல் தொடங்கும். இரண்டுக்கும் சுப்ரீம் கோர்ட் முத்திரை இருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஒன்றை நீட்டுவார், அந்த அம்மாவின் வக்கீல் மற்றதை நீட்டுவார். நான்கரை வருடம் இப்படி ஓடியது. 2017 அக்டோபர் 31-ஆம் தேதி, பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்துதான் இதை முடித்தார்கள். ராஜேஷ் வழக்கின் அமர்வு முந்தைய சம அமர்வுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும், ஆகவே அது மற்றவர்கள் பின்பற்ற வேண்டிய முன்தீர்ப்பாக நிற்காது என்றார்கள். சொந்தத் தொழில்காரருக்கும் சேர்க்க வேண்டும் என்பதை ஏற்று, 40 வயதுக்குக் கீழே 40 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். கவனியுங்கள், ராஜேஷ் அமர்வு கருணையோடுதான் நினைத்தது, அது நினைத்த திசையிலேயே கடைசியில் சட்டமும் போனது. ஆனால் பெரிய அமர்வுக்கு அன்றைக்கே அனுப்பியிருந்தால் அந்த இடைப்பட்ட வருடங்களில் அத்தனை குடும்பங்கள் எந்தத் தீர்ப்பு தங்களுக்கு விழும் என்று தெரியாமல் நின்றிருக்க வேண்டியதில்லை.

கல்கத்தா ஹைகோர்ட்டில் 2024 ஜனவரியில் நடந்தது செய்தியில் வந்தது, நினைவிருக்கலாம். மருத்துவப் படிப்புச் சேர்க்கையில் போலிச் சாதிச் சான்றிதழ் பற்றிய வழக்கு. இரண்டு நீதிபதிகள் அமர்வு விதித்த தடையைத் தனி நீதிபதி பொருட்படுத்தாமல் மேலே நடத்தினார். ஜனவரி 27, சனிக்கிழமை விடுமுறையில், சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கூடி எல்லாவற்றையும் நிறுத்திவைத்தார்கள். பேச்செல்லாம் நீதிபதிகளைப் பற்றியே இருந்தது. சேர்க்கைக்காக வழக்குப் போட்டவரைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது உங்கள் உறவினரின் யோசனை. அவர் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் புகார் வேண்டாம், அவமதிப்பு வழக்கும் வேண்டாம் என்பதுதான் என் ஆலோசனை. நீதிபதியின் மேலும் அவமதிப்புச் சட்டம் பாயும், 1971-ஆம் வருடச் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் அது இருக்கிறது. ஆனால் தவறான தீர்ப்பு வேறு, வேண்டுமென்றே அவமதிப்பது வேறு. பணம் வாங்கினார், எதிர்த்தரப்போடு உறவு என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருந்தால் ஹைகோர்ட்டின் விஜிலென்ஸ் பதிவாளருக்கு எழுதலாம். அது உங்கள் உரிமை. சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்கு அப்பீல்தான் மருந்து.

2019-இல் கிருஷ்ண பிரசாத் வர்மா என்ற பீகார் நீதிபதியின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைச் சொன்னது. ஒரு கொலை வழக்கில் ஹைகோர்ட் ஏற்கெனவே ஜாமீன் மறுத்திருந்ததைக் கவனிக்காமல் அவர் ஜாமீன் கொடுத்துவிட்டார். துறை நடவடிக்கை எடுத்துத் தண்டித்தார்கள். சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வேறு உள்நோக்கம் இருப்பதாகக் காட்டாமல், உத்தரவு தவறு என்பதற்காக மட்டும் ஒரு நீதிபதியைத் தண்டித்தால், பிறகு யாரும் பயமில்லாமல் தீர்ப்பு எழுத மாட்டார்கள். மரியாதை இரண்டு பக்கமும் ஓட வேண்டும். முன்சீப் சப் கோர்ட் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று நான் எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேனோ, அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்: மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவரின் தீர்ப்பைத் திருத்தலாம், அவர் மனத்தைக் குத்தக்கூடாது. ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு வழக்குகள் அழைத்து, இடையில் சாட்சி விசாரித்து, இரவில் வீட்டில் தீர்ப்பு எழுதுகிறவர்கள் அவர்கள். புதிதாக வந்தவர் என்கிறீர்கள். அவருக்கு அந்தப் பெஞ்ச் கிளார்க்கைப் போல ஒருவர் கிடைக்கவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஆகவே அப்பீல் மனுவில் நீதிபதியைப் பற்றிக் கடுமையான சொல் ஒன்றுகூட வேண்டாம். வக்கீலிடம் இதைச் சொல்லுங்கள். 'திருப்பி அனுப்பிய உத்தரவின் எல்லையை விசாரணை நீதிமன்றம் தாண்டிவிட்டது' என்ற ஒரு வாக்கியம் போதும், அதை முதல் காரணமாக வைக்கச் சொல்லுங்கள்.

நேராக ஹைகோர்ட்டுக்கு 227-இன் கீழ் போகலாமே என்று யாராவது சொல்லக்கூடும். அப்பீல் வழி இருக்கும்போது ஹைகோர்ட் சாதாரணமாக அதை எடுக்காது, அங்கே போய்த் திரும்பினால் காலம்தான் விரயம். அப்பீலே போடுங்கள். அதில் இரண்டு விஷயம் விட்டுவிடக்கூடாது. ஒன்று, அப்பீல் முடிகிறவரை வரப்பைத் தொடக்கூடாது என்று இடைக்கால உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு மனு. இன்னொன்றுதான் முக்கியம்: மறுபடியும் ரிமாண்ட் வேண்டாம், அதாவது வழக்கை முன்சீப் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று கேளுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 41, விதி 24 என்ன சொல்கிறது என்றால், தீர்ப்பு சொல்லத் தேவையான சாட்சியம் ஏற்கெனவே ஆவணத்தில் இருந்தால் மேல்முறையீட்டு நீதிமன்றமே வழக்கை முடித்துத் தீர்ப்பு தரலாம். உங்கள் வழக்கில் எல்லாம் இருக்கிறது. பத்திரம் பற்றிய முடிவு இருக்கிறது, கமிஷனர் அறிக்கை இருக்கிறது, சர்வேயர் வரைபடம் இருக்கிறது. கமிஷனரையோ சர்வேயரையோ எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்திருந்தால் அதுவும் இருக்கும். அறிக்கைக்கு அவர்கள் ஆட்சேபம் தாக்கல் செய்தார்களா, அதன் மேல் என்ன நடந்தது என்று கட்டில் பார்க்கச் சொல்லுங்கள். அளந்ததில் குறை ஒன்றும் இல்லை என்றால் வழக்கைத் திருப்பி அனுப்ப எந்த அவசியமும் இல்லை. அறிக்கைக்கும் வரைபடத்துக்கும் தனியாகச் சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அப்பாவின் கேள்வி. முதலிலிருந்து இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பத்திரம் சரி என்று ஒரு நீதிமன்றம் சொல்லியாயிற்று, அதை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தாயிற்று, நிலத்தை அளந்தாயிற்று. சப் கோர்ட்டில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அளந்த கோட்டில் வரப்பு இருக்கிறதா, தள்ளி இருக்கிறதா. அவரால் முடிந்தால் அப்பீல் விசாரணைக்கு வரும் நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள், பின் பெஞ்சில் உட்காரட்டும்.